மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்

பழுது பார்த்து முடித்த வண்டியில் மறுபடி எப்போது குழந்தையை உட்கார வைக்கலாம்? யாரிடம் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை.

வண்டி என் கணவருடையது. அவருக்குக் கப்பலில் வேலை. படிக்கிற காலத்திலிருந்து ஆசைப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கி, குன்னூரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டுக் கப்பலேறினார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே என் கை நுழையும், அதற்கு மேல் இடமில்லை.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டு. சும்மா நின்னா பேட்டரி போயிரும். எலி வந்து ஒயரைக் கடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னதைச் செய்கிறவள் நான். திங்கட்கிழமை மட்டும் மகளை அதில் பள்ளிக்கு அழைத்துப்போவேன். அவளுக்கு நான்கு வயது. பக்கத்து இருக்கையில் குழந்தை இருக்கையை மாட்டி, அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அணைத்துவிட்டேனா என்று பார்த்து, தெருமுனையில் நிறுத்தி மறுபடியும் பார்ப்பேன். பள்ளி வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் எங்களுக்காகவே ஒரு கேள்வி வைத்திருப்பார்.

"அக்கா, இதை உக்காந்துட்டு ஓட்டறீங்களா, படுத்துட்டு ஓட்டறீங்களா?"

"படுத்துட்டு" என்று மகள்தான் பதில் சொல்லுவாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸ் என்றால் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். சத்தம் போடுகிற பிரேக்கை வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே சாலையோரம் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற பிக்கப்பும் எஸ்டேட் ஜீப்பும் அங்கேதான் வரும். முதலாளியும் மெக்கானிக்கும் ஒருவரே. எங்களுடைய பழைய மாருதியையும் அவர்தான் பார்ப்பார். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். கணவரிடம் போனில் கேட்டதற்கு, "பிரேக் பேட் மாத்தறதுதானே, அண்ணன் பண்ணிருவார்" என்றார். கேட்டுவிட்டுத்தான் செய்தேன் என்பதைப் பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சமதரை கிடைப்பது அபூர்வம். வண்டியை எங்கே நிறுத்தினாலும் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குப் பள்ளத்துப் பக்கம் ஒரு கல்லும் வைப்போம். எடுக்கும்போது கல்லை ஓரமாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் குனிய மாட்டார்கள். வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, கல்லை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜீப்புக்கு அது ஒன்றும் செய்யாது. அண்ணாவின் ஒர்க்‌ஷாப் கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கும். அடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் எடுத்துப்போய்விடுகிறார்களாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே வண்டியைக் கொண்டுவந்து விட்டார். சத்தம் போயிருந்தது.

"இனி காட்டெருமை குறுக்கே வந்தாலும் நிக்குமுங்க அம்மிணி" என்று சாவியைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் மகளோடு பள்ளிக்கு இறங்கினேன். இரண்டாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது கால் வழக்கத்தைவிடக் கீழே போயிற்று. வேகம் குறைந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன். இன்னும் கீழே போயிற்று. டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் கியருக்கு இறக்கினேன், எஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டே தேயிலைத் தோட்டத்தின் மண்திட்டுப் பக்கம் திருப்பினேன். பம்பர் திட்டில் புதைந்து வண்டி நின்றது. மகள் பாடிக்கொண்டிருந்த பாட்டை அதுவரை நிறுத்தவே இல்லை.

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, கல்லு வைக்கல" என்றாள்.

இறங்கிக் கல் தேடினேன். ஒரு சக்கரத்துக்கு வைத்தால் போதும். நான் நான்குக்கும் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்டோக்காரர் வேறு பிள்ளைகளோடு வந்தார். வண்டியையும் என்னையும் பார்த்துவிட்டு, "பாப்பாவ நான் உட்டுர்றேனுங்க அக்கா" என்றார். உங்கள் பிரேக் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கி நின்று, கையால் பிரேக்கை அழுத்திக் காட்டிவிட்டு மகளை ஏற்றிக்கொண்டார்.

மத்தியானம் ரெக்கவரி வண்டி வந்து காரைத் தூக்கியபோதுதான் அதன் வயிற்றை முதல்முறையாகப் பார்த்தேன். அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடி கிழிந்து, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே போகும் பிரேக் குழாய் ஓரிடத்தில் நசுங்கிக் கசிந்திருந்தது. மூடியின் மேல் நீளமாக ஒரு மஞ்சள் தீற்றல். போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அண்ணா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, வண்டியில யாரு இருந்தது?"

"நானும் பாப்பாவும்."

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "சனிக்கிழமை வண்டிய எடுத்தது நாந்தானுங்க. அடியில தட்டுன சத்தம் கேட்டுது. எந்நேரமும் ஜீப்பு எடுத்த பழக்கம், கல்லு ஞாபகமே இல்லை. குனிஞ்சு பாத்தேன், மூடி தொங்கிட்டு இருந்துச்சு. கட்டி உட்டேன். மேல குழாயப் பாக்கலைங்க. பாத்திருக்கோணும்."

"கல்லுல தட்டிருச்சுன்னு ஏண்ணா எங்கிட்டச் சொல்லலை?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க வெசனப்படுவீங்கன்னுதானுங்க" என்றார். "ஒரு சின்னச் சத்தத்துக்கே பத்து தடவை போன் பண்ணுவீங்க. மூடிதானேன்னு உட்டுட்டேன்."

பொய்யில்லை. பத்து தடவை போன் செய்கிறவள்தான் நான். கோபமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அதை விட்டுவிட்டு, போனை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, வேறு யாருடைய வண்டியாகவாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று யோசித்தேன். சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. இப்போதும் அவ்வழியே போகும்போது அவர் கையை உயர்த்துகிறார். நானும் உயர்த்துகிறேன். மாருதியை இன்னும் அவரிடம் விடவில்லை.

கார் கோயம்புத்தூரில் சரியாகி வந்தது. குழாயை மாற்றினார்கள், பிரேக் முழுவதையும் சோதித்தார்கள். சர்வீஸ் மேனேஜர், "ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம், பயப்படாதீங்க" என்றார். கணவரும் போனில் அதையேதான் சொன்னார். "எல்லாம் சரியாயிருச்சு கண்ணு. பயப்படாத."

இந்த வார்த்தை எனக்கு முன்பு ஆறுதலாக இருந்தது. இப்போது அதைக் கேட்டால், நான் பயப்படக்கூடாது என்பதற்காக எதையாவது விட்டுவிட்டுச் சொல்கிறார்களோ என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயமாகவும் படுகிறது. வாரம் ஒரு தடவை தனியாக ஓட்டுகிறேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. கிளம்பும் முன் முழங்காலிட்டு, டார்ச் அடித்து அடியில் பார்க்கிறேன். அன்றைக்குப் பிறகு மகளை அதில் ஏற்றவில்லை; பள்ளிக்கு எல்லா நாளும் மாருதிதான். ஆட்டோக்காரர் ஒரு நாள், "பாப்பா, அம்மா இப்ப உக்காந்துதான் ஓட்டறாங்க போல" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் கணவர் லீவில் வருகிறார். அப்பாவும் மகளும் அந்தக் காரில் மேட்டுப்பாளையம் வரை இறங்குவது என்று போனிலேயே பேசி வைத்திருக்கிறார்கள். இரண்டே இருக்கை என்பதால் நான் கூட இருக்க முடியாது. அவள் எந்தச் சட்டை போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். வேண்டாம் என்றால், எதற்கும் பயப்படுகிறவள் என்று மறுபடி ஒருமுறை ஆகும். என்னிடம் மறைக்க இன்னொரு காரணமும் கிடைத்துவிடும். சரி என்றால், அவர்கள் திரும்பி வரும்வரை நான் போர்ட்டிகோவில்தான் நிற்பேன்.

இதைப் படிக்கிறவர்களில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள், பிள்ளை பெற்றவர்களும் இருப்பீர்கள். ஒருமுறை உங்களைக் கைவிட்ட வண்டியில் மறுபடி பிள்ளையை ஏற்றியவர்கள், எதைப் பார்த்து ஏற்றினீர்கள்? நான் அவளை அனுப்பலாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். என்னைத் தேற்றுவதற்காக மட்டும் எழுத வேண்டாம்.