மாஸ்க்குக்கு மேலே கொஞ்சம் சிவப்பு

அம்சவல்லி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் நின்று பரிமாறுகிறார். அவர் வேலை அதுதான் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அவர் வேலை பேசுவது. கரண்டி தானாக நடக்கும்.

"இன்னாடா மாரிராஜு, கண்ணு ரெண்டும் செவந்து கீது. ராவெல்லாம் ஓ.டி. பாத்தியா? ரசத்த சேத்து ஊத்திக்கோ. கத்திரிக்கா வோணாம், உனுக்கு ஆவாது."

மாரிராஜ் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அவனுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவன் அம்மாவுக்கு அடுத்தபடியாக அக்காவுக்குத்தான் தெரியும். அவனுக்கு மட்டுமா? யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யாருக்குச் சூப்பர்வைசரோடு சண்டை, யாருடைய ரூமில் தண்ணீர் வரவில்லை, எல்லாவற்றையும் ஒரு கரண்டி சாம்பார் விழுகிற நேரத்துக்குள் கேட்டு, திட்டி, அனுப்பிவிடுவார். சேரப்பணஞ்சேரியில் வயல் வேலைக்குப் போன காலத்திலிருந்தே அந்த வாய் ஓய்ந்ததில்லை. வீட்டில் அதற்கு வேலை கிடையாது. கணவர் ரகுபதி மாமா பேசாத மனிதர். செக்யூரிட்டி வேலைக்குப் போனபின் இன்னும் சுத்தம்.

நான் கலைமதி. அதே கேன்டீனின் பின்பக்கம் தட்டு கழுவுகிறவள். எச்சில் தட்டைத் தள்ளிவிட அங்கே சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாக எல்லோரையும் பார்க்கலாம். நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

கேன்டீன் புது காண்ட்ராக்டுக்கு மாறியது. வசந்தகுமார் சார் மேனேஜராக வந்தார். வந்த கையோடு இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, எல்லோரும் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிப் போட வேண்டும். அதுவரை அக்காவின் மாஸ்க் தாடைக்குக் கீழேதான் தொங்கும். இரண்டு, கவுன்ட்டரில் நிற்பவர்களின் முகம் ஃப்ரெஷ்ஷாக இருக்க வேண்டும். முகத்தை மூடச் சொன்ன அதே வாயால் இதையும் சொன்னார். அப்போது எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை. அவருக்கும்தான்.

"கொஞ்சம் டல்லா இருக்கீங்கம்மா," என்றார் அக்காவிடம். "திங்கக்கிழமையிலருந்து நீங்க வாஷிங். அந்தப் பொண்ணு கவுன்ட்டர்."

அந்தப் பொண்ணு நான்தான். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

அக்கா தட்டு கழுவும் மெஷினைப் பார்த்தார். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. "இதாண்ட நின்னுகினு யார்கிட்டமே பேசறது? செத்தே பூடுவேன் கலை."

ஆனால் வீடு போய்ச் சேருவதற்குள் அவரே தெளிந்துவிட்டார். "டல்லுன்னுதானே சொன்னான்? கெயவின்னு சொல்லலியே. டல்லுக்கு வைத்தியம் கீது."

வைத்தியம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தது. ஷாலின், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கும் பெண். ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும்போது கன்னத்தில் ப்ளஷ் என்கிற ரோஸ் பவுடர் வைத்துக்கொள்வாள். வைத்த மாதிரியே தெரியாது, முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். அக்கா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

"சிரிங்க ஆன்ட்டி," என்றாள் ஷாலின். அக்கா சிரித்தார். சிரிப்பில் திரண்டு மேலே வந்த கன்னத்தில் ரோஸ் பவுடரைப் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தாள். "சூப்பர் ஆன்ட்டி!"

சூப்பராகத்தான் இருந்தது, சிரிப்பு முடியும்வரை. முடிந்ததும் கன்னம் இறங்கியது. கூடவே ரோஸும் இறங்கி வாயோரத்துக்கு வந்துவிட்டது. ஷாலினின் கன்னம் சிரித்தாலும் அழுதாலும் வைத்த இடத்தில் நிற்கும். ஐம்பத்தாறு வயதுக் கன்னத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. போதாததற்கு, சிறுவயதிலிருந்து மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம். அதன்மேல் ரோஸ் ஆரஞ்சாகிவிட்டது. பவுடர் சுருக்கங்களுக்குள் போய்க் கோடு கோடாக உட்கார்ந்துகொண்டது.

கீழே வந்தோம். டியூட்டி முடிந்து வந்த ரகுபதி மாமா வாசலில் அப்படியே நின்றார். ஒரு வாரமாகத் திறக்காத வாயைத் திறந்தார்.

"யாரு அறைஞ்சது?"

"யாரும் அறையல. போய்க் கை காலக் கழுவு," என்றார் அக்கா. பிறகு என் காதில், "பேசாத மன்சனையே பேச வச்சிடுச்சு பாத்தியா? இதுல இன்னாவோ கீது," என்றார்.

திங்களன்றும் அதே ரோஸ், மேலே வெள்ளை மாஸ்க். மெஷினோடு நின்றால் முகம் மேனேஜர் கண்ணில் படாது என்று, துணியை வைத்துக்கொண்டு கவுன்ட்டர் பக்கமே துடைத்துக்கொண்டிருந்தார். சாம்பார் ஆவி, வியர்வை, மாஸ்க்கின் உரசல். வசந்தகுமார் சார் வந்தபோது மாஸ்க்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக ஊறியிருந்தது.

"அம்மா! ரத்தம்!"

"ரத்தம் இல்ல சார், இது வந்து..."

"பேசாதீங்க! பேசவே பேசாதீங்க!"

அக்காவின் வாயை ஒருவர் அடைத்தது அன்றுதான் முதல்முறையாக இருக்கும். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் பஞ்சால் துடைத்து, பஞ்சை முகர்ந்து பார்த்து, சிரித்து முடிக்கவே நேரமானதாம். பிபி நார்மல்.

அவ்வளவு நேரமும் கவுன்ட்டரில் நான். "யக்கா, இதுல கத்திரிக்கா கெடக்கா?" என்று மாரிராஜ் கேட்டான். தலையாட்டினேன். நான் ஆமாம் என்றேனா இல்லை என்றேனா என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவன் யோசித்துக்கொண்டு நிற்க, வரிசை கை கழுவும் இடத்தைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, மாஸ்க்குக்கு மேல வச்சா இன்னா?"

"மேல எங்கடி எடம் கீது? கண்ணுதான் கீது."

"கண்ணு ஓரத்துல, எலும்பு மேல. சிரிச்சாலும் அது எறங்காது."

ரொம்பப் பேசிவிட்ட மாதிரி இருந்தது. மீதி வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை, லேடீஸ் ரெஸ்ட் ரூம். பவுடர் வேண்டாம் என்று ஷாலினிடம் செங்கல் நிற லிப்ஸ்டிக் ஒன்றை வாங்கி வந்திருந்தோம். மஞ்சள் முகத்தில் ரோஸ் ஆரஞ்சாகித் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது, செங்கல் நிறம் ஒட்டிப்போகும் என்று எனக்குத் தோன்றியது. முகத்தைக் கழுவி, கொஞ்சம் க்ரீம் தடவி, அது ஊறும்வரை பொறுத்தோம். மாஸ்க்கைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். சிரிக்க வேண்டாம் என்றும் சொன்னேன், அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மாஸ்க் விளிம்புக்கு மேலே, கன்ன எலும்பின்மேல், காதின் மேல்நுனியைப் பார்த்த மாதிரி சின்னச் சின்னப் பொட்டாக வைத்தேன். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்பினேன். தேய்க்கவில்லை. தேய்த்தால் தோலும் கூடவே வருகிறது. கண்ணுக்கு ரொம்பக் கிட்டேயும் போகவில்லை. அங்கே சிவப்பு பட்டால் அழுத முகமாகிவிடும். கடைசியாக விரலைத் துடைத்துவிட்டு, ஓரங்களை வெறும் விரலால் தட்டிக் கரைத்தேன்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தார். நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தார்.

"வச்சியா, இல்லியா?"

"வச்சிட்டேன்கா."

"அப்ப செரி. நீ பின்னாடி போ, நான் கவுன்ட்டர்."

"சார் திட்டுவாரு."

"தொப்பி கீது, மாஸ்க்கு கீது. உன் ஒயரம்தான் நானும். யாரு எவருன்னு அவனுக்கு இன்னா தெரியும்?"

மதியம் என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் வாயும்தான். வசந்தகுமார் சார் வந்து ஓரமாக நின்று கவனித்தார். எங்கள் யாருடைய குரலும் அவருக்குப் பழக்கமில்லை. அவர் இருக்கும் இடத்தில் பேசுகிறவர் அவர்தான்.

"வெரி குட் கலைமதி!" என்றார் சத்தமாக. "நேத்து வாயே திறக்கல, இன்னிக்கு முகத்துலயே ஒரு களை! இதத்தான் நான் ஃப்ரெஷ்னு சொன்னேன்."

அக்கா நினைத்திருந்தால் என் பெயரிலேயே அங்கே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ள அவரால் முடியுமா? மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"சார், கலைமதி பின்னாடி கீது. நான் அம்சவல்லி. டல்லு."

வரிசை முழுக்கச் சிரித்தது. சார் அக்காவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"ஃப்ரெஷ்ஷாத்தான இருக்காவ சார்," என்றான் மாரிராஜ். "நீங்கதான சொன்னீய."

சொன்னதை இல்லை என்று சொல்ல முடியாது. சாருக்கு ஏதாவது ஓர் உத்தரவு போட்டாக வேண்டும்.

"மொதல்ல மாஸ்க்க மேல ஏத்துங்கம்மா. ரூல்ஸ்."

"ஏத்தறேன் சார். ரொம்ப ஏத்தச் சொல்லாதீங்க, கலரு பூடும்."

வாஷிங் என்ற பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார். அக்கா மாஸ்க்கை எலும்புக்குக் கீழே அளவு பார்த்து நிறுத்தி, கரண்டியைக் கையில் எடுத்தார்.

"இன்னாடா எல்லாரும் பல்லக் காட்டிகினு நிக்கறீங்க? தட்ட நீட்டுங்க!"