பிரேக் லிவரைத் திருகிய கை

வண்டியில் யாரோ கை வைக்கிறார்கள் என்ற சந்தேகம் லிஃப்ட்காரருக்கு வந்தபோது மணி காலை ஏழே கால், வண்டியின் வேகம் தொண்ணூறு, அவருடைய வயது அறுபத்தொன்று.

புறவழிச்சாலையில் முன்னால் போய்க்கொண்டிருந்த பால் வேன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அவர் வலது கையின் இரண்டு விரல்களை முன்பிரேக் லிவருக்கு நீட்டினார். விரல் எதிர்பார்த்த இடத்தில் லிவர் இல்லை. ஒரு விரல்கடை தள்ளி, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணிமைக்கும் நேரம் காற்றைத் துழாவிவிட்டு, பதறிப்போய் அதை வேண்டியதற்கு மேல் இறுக்கினார். பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. வயிறு பெட்ரோல் டாங்கில் இடித்தது. பிறகு சக்கரம் தொப்பென்று கீழே இறங்கியது. வேனுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம் மிச்சமிருந்தது.

கூட வந்த பல் டாக்டர் தன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"என்னய்யா, சர்க்கஸ்ல சேரப் போறியா?"

"மணல்," என்றார் லிஃப்ட்காரர்.

சாலை துடைத்துவிட்டது போல இருந்தது. பல் டாக்டர் சாலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கிக்கொண்டார். மேற்கொண்டு கிண்டல் பண்ணாததுதான் லிஃப்ட்காரரை உறுத்தியது.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் பழைய கட்டடங்களுக்குப் போய் லிஃப்ட் சோதனை செய்கிறார். மேலும் கீழும் மட்டுமே போகிற, நிமிடத்துக்கு அறுபது மீட்டரைத் தாண்டாத ஒரு பெட்டிக்குள் பாதி ஆயுள் கழிந்தது. மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறுமாதம், அவருக்கு ஐம்பத்து மூன்று, ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கைப் பார்த்தார். அறுநூறு சிசி, நாலு சிலிண்டர். இடுப்பு பிடித்துக்கொண்டதால் சொந்தக்காரர் அதைத் தொடுவதில்லை. அந்த மனிதரின் இடுப்பைப் பற்றி லிஃப்ட்காரர் அன்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி எலும்பு முறிவு வார்டில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். தோலைச் சாலையில் விட்டுவிட்டு வந்தவர்களைக் கழுவிக் கட்டுப்போட்டவள். அழவும் இல்லை, ஆர்ப்பாட்டம் பண்ணவும் இல்லை. "தோல் சட்டையும் தோல் பேன்ட்டும் நல்ல ஹெல்மெட்டும் வாங்கற வரைக்கும் வண்டி தெருவுல இறங்கக் கூடாது," என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு அந்தச் சட்டையை மாட்டிவிடுவது அவள் வேலை. தலையணைக்கு உறை போடுவது போல ஒரு காலைத் தூக்கி உதறி, ஜிப்பை இழுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள்.

வேகமான வண்டி என்றால் காற்றும் சுதந்திரமும் என்று சொல்வார்கள். அறுபது வயதில் அது முக்கியமாக மணிக்கட்டு. கைப்பிடி தாழ்வாக இருக்கும். குனிந்து படுத்து ஓட்டினால் உடம்பின் பாரத்தில் பாதி இரண்டு மணிக்கட்டிலும் இறங்கும். ஒரு வருடமாக அவருடைய வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. முதலில் வண்டியில் மட்டும். பிறகு சவரம் செய்யும்போது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கை போச்சு என்று வீட்டில் தெரிந்தால் வண்டியும் போச்சு. மகள் ஏற்கெனவே அறுபது வயதுக்காரர்கள் விழுந்து அடிபட்ட செய்திகளாகத் தேடிப் பிடித்து அவர் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் வண்டியை விற்று, அந்த இடத்தில் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை நிறுத்திவிடுவார்கள். அந்த சைக்கிளின் நிறம்கூட அவருக்குத் தெரியும். சாம்பல்.

வீட்டுக்கு வந்ததும் தோல் சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார். நட்டு ஒரு மயிரிழை சுற்றினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அது லிஃப்ட்காரர்களின் பழக்கம். எல்லாக் கோடுகளும் அப்படியே இருந்தன. பிரேக் லிவரின் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்துக்கு மட்டும் அவர் கோடு போட்டதில்லை. அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்கள். ஒன்று வைத்தால் லிவர் தூரம், ஆறு வைத்தால் கிட்டம். எட்டு வருடமாக அது இரண்டில் இருந்தது.

இப்போது நாலில் இருந்தது.

அதுவாகத் திரும்பாது. லிவரை ஒரு கையால் முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருக வேண்டும். இது தெரிந்து செய்த வேலை. யாரோ அவருடைய அடிமடியிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

சக்கரத்தை மறுபடி இரண்டுக்கு வைத்தார். சக்கரமும் லிவரும் சேரும் இடத்தில் சிகரெட் தாள் ஒரு நூலளவு கிழித்து ஒட்டினார். லிஃப்ட் மோட்டார் அறைக் கதவை அவர் இல்லாதபோது யாராவது திறக்கிறார்களா என்று பார்க்க இப்படித்தான் ஒட்டுவார். பிறகு மேலே போய், ஒன்றும் நடக்காதது போலக் குளித்துச் சாப்பிட்டார்.

புதன்கிழமை மகள் வந்துபோனாள். வியாழக்கிழமை காலையில் தாள் கிழிந்திருந்தது. சக்கரம் மூன்றில் இருந்தது.

மகளுக்குப் போன் போட்டார்.

"நேத்து வந்தப்ப கீழ வண்டிகிட்டப் போனியா?"

"எதுக்குப் போகணும்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அப்பா, வண்டியை ஒழிச்சுக்கட்டணும்னா ஆளைக் கூட்டிட்டு வந்து நேரா விப்பேன். ஒளிஞ்சு நின்னு திருகற ஆள் நான் இல்ல."

"நான் திருகினதுன்னு சொல்லவே இல்லியே."

"போன வருஷம் டயர்ல காத்து கம்மியா இருந்ததுக்கும் என்னைத்தானே கேட்டீங்க. காத்தைத் திருகித்தானே இறக்கணும்?"

"அப்ப விக்கணும்னு நினைப்பு இருக்கு."

"இருக்கு. எட்டு வருஷமா மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லிட்டிருக்கேன். அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"எதுக்கு?"

"உங்களுக்குக் காய்ச்சலான்னு கேக்கணும்."

அவள் குரலில் பொய் இல்லை. அதனால் மிச்சமிருந்தது ஒரே ஆள். யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கொஞ்ச நாளாகவே மனைவி சாப்பாட்டுத் தட்டை அவருடைய இடப்பக்கம் நகர்த்தி வைக்கிறாள். ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைக்கிறாள். அவர் சட்டைக்குப் பொத்தான் போடும்போது வேறு பக்கம் பார்ப்பது போலப் பார்க்கிறாள். இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள், அவரைத் தீர்த்துக்கட்டவா பார்க்கிறாள்? சீச்சீ. பயமுறுத்தப் பார்க்கிறாள். லேசாக ஒருமுறை தடுமாறினால் தானாகவே வண்டியை விட்டுவிடுவார் என்று கணக்கு. அப்படி நினைத்ததும் அவருக்குக் கோபத்தைவிட அவமானம் அதிகமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, லிஃப்ட் சோதனைக்குப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் அதை நிறுத்திவிட்டு நடந்து திரும்பினார். கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். பதினொரு மணிக்கு லிஃப்ட் இறங்கியது. மனைவி கையில் அவருடைய வலது கையுறையும் நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தன. வண்டியின் உறையைப் பாதி தூக்கினாள். கையுறையைத் தன் கையில் மாட்டி, கைப்பிடியைப் பிடித்து விரல்களை நீட்டிப் பார்த்தாள். பிறகு லிவரை முன்னுக்குத் தள்ளினாள்.

"கையை எடு," என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் துணுக்குறவே இல்லை. "வேலைக்குப் போகலையா?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணு வாரமா. ஒரு தடவைக்கு ஒரு நம்பர்."

"வண்டியை நிறுத்துன்னு நேரா சொல்றதுதானே? எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

"நிறுத்தறதுக்கா? நிறுத்தணும்னா சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பேன். உங்க விரல் அதுக்கு எட்டல. கிட்ட கொண்டுவந்து வெச்சேன். வயசானவங்க தள்ளிட்டுப் போற நடைவண்டிக்கும் இதே மாதிரி பிரேக்தான், இதே மாதிரிதான் திருகணும்."

நடைவண்டி என்ற சொல் சுருக்கென்று தைத்தது. "அதைத் தள்ளிட்டுப் போற கிழவனும் நானும் ஒண்ணா?"

"அவர் கை மரத்துப்போச்சுன்னு சொல்லிடுவார். அதுதான் வித்தியாசம்."

அவர் அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். வார்டில் கட்டில் தலைமாட்டில் தொங்குமே, அந்த மாதிரி கோடு போட்ட தாள். தேதி, நேரம், விவரம். காப்பித் தம்ளர் நழுவியது. கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு முறை மாற்றிப் பிடித்தார். குழாயை இடது கையால் மூடினார். பதினோரு மாதம். அவர் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த ஒவ்வொன்றும் வரிசையாக, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது.

"வீட்டுக்குள்ளயே துப்பறியற வேலையா?"

"வலிக்குதான்னு கேட்டா எந்த நோயாளியும் ஆமான்னு சொன்னதில்ல. அதனால கேக்கற வழக்கமே எனக்கு இல்ல. பார்ப்பேன், எழுதுவேன், கட்டிலையோ நாற்காலியையோ அவங்களுக்குத் தோதா மாத்திடுவேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"போன ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரம் தூக்கிடுச்சு," என்றார். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது வாயைவிட்டு வந்துவிட்டது. "வேன் முன்னாடி. லிவர் இருந்த இடத்துல இல்ல. ஒரு முழத்துல தப்பிச்சேன்."

அவள் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் சீட்டில் மெதுவாக உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் வண்டியை வித்துடுவீங்க."

அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள் அவள். "கட்டில் உயரத்தை மாத்தினா இறங்கறப்ப ஆள் கொஞ்சம் தடுமாறுவாங்க, அவ்வளவுதான். அந்த நினைப்புல இதையும் செஞ்சுட்டேன். தொண்ணூறுல போறது மறந்துபோச்சு."

"ஒருத்தன் ஏறப்போற மெஷின்ல அவனுக்குத் தெரியாம கை வெக்கக் கூடாது. எங்க வேலையில முதல் பாடமே அதுதான்."

"சரி. ஏறப்போறவனுக்குக் கை சரியில்லன்னா அவன் சொல்லணும்னு உங்க வேலையில பாடம் இல்லையா?"

இருந்தது. தலை சுற்றுகிறது என்று சொன்ன ஆட்களை அவரே எத்தனையோ முறை மேலே ஏற விடாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதை அவளிடம் சொல்லி மாட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

மேலே போனதும் அவள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கைப்பட்டையை உருளையாகச் சுருட்டி, முள் இருபதுக்கு வரும்வரை காற்றடித்து அவர் கையில் கொடுத்தாள். "முடிஞ்ச மட்டும் அழுத்துங்க. இடது கை முதல்ல."

இடது கைக்கு முள் இருநூற்று முப்பது வரை போனது. வலது கைக்கு நூற்றுப் பத்தில் நின்றது.

"காத்து கம்மியா அடிச்சே," என்றார்.

"நீங்களே அடிங்க."

அவரே அடித்தார். முள்ளை மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தார். நூற்றுப் பத்து. குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் முக்கிப் பார்த்தார். இல்லை. மறுபடி அழுத்தினார். நூற்று ஐந்து.

"நீ அழுத்து."

அவள் வலது கையால் ஒரே அழுத்து. நூற்றுத் தொண்ணூறு. அவர் கருவியைத் திருப்பி, பின்பக்கம் ஸ்குரூவைப் பார்த்தார்.

"கழட்டிப் பார்க்கணுமா?"

"வேண்டாம்," என்றார். பிறகு, "வண்டியை வித்துட வேண்டியதுதானா?"

"அதை நான் சொல்ல முடியாது. கை டாக்டர் சொல்வார். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிட்டேன்."

"எப்ப வாங்கின?"

"பத்து நாள் முன்னாடி."

அன்று சாயந்திரம் பல் டாக்டருக்குப் போன் செய்தார். "இந்த ஞாயிறு வரல. கை சரியில்ல." அந்தக் கடைசி இரண்டு சொற்களை வெளியே சொல்லி முடிக்க அவருக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. "லைன்ல இருக்கியாய்யா?" என்று கேட்டார்.

"இருக்கேன்," என்றார் பல் டாக்டர். "எனக்குக் கழுத்து வலப்பக்கம் திரும்பி ஆறு மாசம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லாத."

கை டாக்டர் இளம் பெண். மணிக்கட்டில் ஒரு விரலால் தட்டினார்; லிஃப்ட்காரருக்கு விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. நரம்பு நெரிபடுகிறது, சின்ன அறுவை, மூன்று மாதம் வண்டி கூடாது, பிறகு கையின் பலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். லிஃப்ட்காரர் டாக்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இவங்க உனக்கு முன்னாடியே தெரிஞ்சவங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

அதை அவர் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் வெளியே வரவேற்பு மேஜையில் சம்மதப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த வரவேற்புப் பெண், அவருடைய அடையாள அட்டையையும் படிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சார், கையெழுத்து ஒத்துப்போகல. இன்னொரு தடவை போடுங்க."

இரண்டாவது, முதலாவதைவிட மோசமாக வந்தது. மூன்றாவதையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கைக்கு இப்ப இவ்வளவுதாம்மா வரும்," என்றார் லிஃப்ட்காரர். "அதுக்குத்தானே வந்திருக்கேன்."