கறுத்து வந்த துணி

என் டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குக் கீழே, ஒரு கையகலத் துணி கிடக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. ரைஃபிள் குழலுக்குள் விட்டு இழுக்கிற துணி. பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றின் நுனியில் இதைச் செருகி, தோட்டா போடுகிற பக்கமிருந்து விட்டு, வாய்ப்பக்கமாக ஒரே மூச்சில் உருவ வேண்டும். உள்ளே இருக்கிற கரியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். என் மனைவி இதைக் குப்பையில் போடப் பார்த்தபோதெல்லாம் கத்தியிருக்கிறேன். இப்போது பெட்டியைத் துடைக்கும்போது இதைத் தொடாமல் சுற்றித் துடைக்கிறாள்.

இந்தத் துணியை இழுத்தது நான் இல்லை. பட்டாளத்தில் எனக்கு மேலே இருந்த சுபேதார் சாப் இழுத்தார்.

பெங்களூரில் சந்தாபுராவைத் தாண்டி ஒரு தொழிற்சாலை. காவேரி கலாட்டாவுக்குப் பிறகு பயந்துபோன முதலாளி இரண்டு ரைஃபிள் வாங்கி, பட்டாளத்திலிருந்து வந்தவர்கள்தான் வேண்டும் என்றார். சாப் முதலில் போய்ச் சேர்ந்தார், பிறகு என்னைக் கூட்டிப்போனார். அதை நான் மறைக்கவில்லை, வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ரிட்டயரான பிறகும் சட்டைக் கஞ்சி கலையாத மனிதர். என்னிடம் தமிழ், லோடு ஏற்றுகிறவர்களிடம் கன்னடம், லாரி டிரைவர்களிடம் இந்தி, எந்தப் பாஷையிலும் அதட்டல் ஒன்றுதான். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். மறுநாள் கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். “ஒன் வீட்டுக்காரன் என் பொறுப்பு தங்கச்சி, நீ தைரியமா இரு” என்று என் மனைவியிடம் சொன்னார். பொறுப்பாம்! அவளும் நம்பினாள், பாவம்.

வேலை விஷயத்தில் அவரிடம் குறை சொல்ல முடியாது. தோட்டாப் பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். வருஷத்துக்கு ஒருமுறை எங்களைச் சுட்டுப் பழக அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் எண்ணெய்த் துணி விட்டு உருவி வெள்ளையாக வந்தால், அத்தோடு முடிந்தது என்று புதிதாக வந்தவன் நினைப்பான். முடியாது. எண்ணெயில் ஊறிய கரி மறுநாள் கிளம்பி வரும், அதற்கு மறுநாளும் வரும். “பேரலுக்கு வேர்க்கும்டா. சுடறது ஒரு நாள், கரி எடுக்கறது மூணு நாள்” என்பார் சாப். உடனே சுத்தமாக வேண்டுமென்றால் ஒரே வழி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவுவது. அதற்கு எங்களுக்குப் பொறுமை கிடையாது, எண்ணெயோடு நிறுத்திவிடுவோம். அந்த வருஷமும் இரண்டு பேரும் அப்படித்தான் செய்தோம்.

மறுநாள், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், டப்பென்று ஒரு வெடி. நான் பின்மதில் பக்கம் ரோந்தில் இருந்தேன். கையில் ரைஃபிள், கூட யாரும் இல்லை. எவனோ மதில் ஏறிவிட்டான் என்று நினைத்துப் புதரையெல்லாம் மிதித்துக்கொண்டு சுற்றுமதில் முழுக்க ஓடினேன். மடையன்! நான் ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் சாப் கேட் அறையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

குண்டு முதலாளி அறையில் புகுந்து வெளியே போயிருந்தது. முன்னும் பின்னும் ஜன்னல், இரண்டு கண்ணாடியும் போச்சு. எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று ஒருவருக்கும் புரியவில்லை. முதலாளி அப்போது அறையில் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் வேண்டாம், இன்றைக்கே ஆளைக் கண்டுபிடித்து அனுப்பு என்று மேனேஜருக்கு உத்தரவு. தோட்டா எண்ணிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. முந்தின நாள் சுட்டுப் பழகக் கொண்டுபோனதில் ஒன்றைச் சாப் அமுக்கி வைத்திருந்து கணக்கில் சேர்த்திருக்க வேண்டும், வேறு எப்படி? அப்புறம் சாபே முன்வந்து சொன்னார்: “எதுக்கு சார் வாய்ப்பேச்சு? ரெண்டு பேரலையும் இழுத்துப் பாத்துடலாம். சுட்டது எதுன்னு துணி சொல்லிடும்.”

அவருடையதை முதலில் இழுத்தார். துணி பால் மாதிரி வெளியே வந்தது. பிறகு என்னுடையதை. கறுப்பு. சட்டிக்கரி மாதிரிக் கறுப்பு. மேனேஜர் அதை இரண்டு விரலால் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. “சார், நேத்து ரெண்டு பேரும் சுட்டோம். இன்னைக்கு ரெண்டும் கரி கக்கணும். என்னுது கக்கியிருக்கு. இவருது வெள்ளையா வருதுன்னா இப்பதான் சுடுதண்ணி ஊத்திக் கழுவியிருக்காரு. அந்தக் கெட்டிலத் தொட்டுப் பாருங்க. தரையப் பாருங்க, ஈரம் காயல” என்று கத்தினேன்.

மேனேஜர் சிரித்துவிட்டார். “ஏனப்பா இது? அழுக்கா இருந்தா சுடல, சுத்தமா இருந்தா சுட்டானா? நல்லா இருக்கு உன் கதை!” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் சாப் பக்கம் திரும்பினேன். “நீங்களே சொல்லுங்க சாப். மறுநாள் கரி வருமா, வராதா?” அவர் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒழுங்கா சுத்தம் பண்ணியிருந்தா எதுக்குய்யா வரப்போவுது?” என்றார்.

அவ்வளவுதான். வாய் கூசாமல் சொன்னார். அன்றைக்கே என்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள், மேனேஜர் கீழே போட்ட அந்தத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ரைஃபிளிலிருந்து தோட்டாவை எடுக்கும்போது அவருக்குக் கை தவறியிருக்கும், யாருக்கும் தவறும். அவர் ஒப்புக்கொண்டிருந்தால் வேலை போயிருக்கும். ஆனால் அவருக்குச் சொந்த வீடு இருந்தது, கம்ப்யூட்டர் படித்த மகன் இருந்தான். எனக்குத் துப்பாக்கி பிடிப்பதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. காவல் வேலையில் ஊர் சின்னது. கை தவறிச் சுட்டவன் என்று பேர் வந்தபிறகு பெங்களூரில் ஒருத்தனும் என் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. ஏறி இறங்காத ஏஜென்சி இல்லை. சந்தாபுரா வீட்டைக் காலி செய்து, ஜீவனஹள்ளியில் மாமியார் வீட்டு ஒற்றை அறையில் போய் ஒண்டினோம். “அண்ணன் அப்படிச் செய்வாரா?” என்று என் மனைவி கேட்டாள். அவர் மேல் சந்தேகமா, என் மேலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மெண்ட் கேட்டில் நிற்கிறேன். கையில் பிரம்பும் விசிலும். வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். போன மாதம் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. அவர்கள் காரின் முன்சீட்டில் சாப். மீசை முழுக்க நரைத்திருந்தது, சட்டைக் கஞ்சி மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. கண்ணாடியை இறக்கச் சொல்லி என்னை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை வரும் என்று எனக்கும் ஓர் ஆசை, வெட்கம்கெட்ட ஆசை.

அவர் கார் ஓட்டிய மகனிடம் திரும்பினார். “இவன் நம்ம ஆளுதான். என் கீழ வேல பாத்தவன். தங்கமான பையன், பேரல மட்டும் சுத்தமா வெச்சுக்கத் தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார். நடிப்பில்லை. அந்தச் சிரிப்பில் துளிக் கள்ளம் இல்லை. அவருக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து துணியை எடுத்துப் பார்த்தேன். கரி இன்னும் விரலில் ஒட்டுகிறது. நான் சுடவில்லை என்பதற்கு இது ஒன்றுதான் சாட்சி, இதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறார். அவர் இழுத்த வெள்ளைத் துணியை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். சுத்தமான துணிதானே, மேஜை துடைத்திருப்பார்கள்.