பாலோடு போன மாத்திரை

போன வருடம் ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு காலை வேளையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நடந்தது இது. நாங்கள் ராஜபாளையத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு நூல் மில்லில் வேலை. மகளுக்குப் பார்க்கும் டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் பஸ் ஏறி அங்கே போவோம். அவளுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு முப்பத்தைந்து. சேர்ந்து போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள். அவள் "ஐயே" என்று முகத்தைச் சுளிப்பாள். அதெல்லாம் உடம்பு நன்றாக இருந்தபோது.

பள்ளி விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய கதை முழுவதையும் கொட்டிவிடும் பெண் அவள். எட்டாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் அது நின்றுபோனது. வந்ததும் யூனிபார்மோடு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்பாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. நான் போனைத்தான் குறை சொன்னேன். என் நாத்தனார் வந்திருந்தபோது, "எம்புட்டு நேரந்தான் தூங்குவா? போற வீட்டுல நம்மளத்தான் பேசுவாவ" என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரத்தம் பார்த்ததில் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று தெரிந்தது. அது குறைந்தால் ரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற அளவு ஏறுமாம்; அவளுக்கு நிறைய ஏறியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை என்றார் டாக்டர். வெளியே கூட்டம் காத்திருந்தது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பி.எஸ்ஸி. படித்தவள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று ஒரு எண்ணம்.

எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்துக்குக்கூடப் பால் உண்டு. பால் சாப்பாட்டில் சேராது. அதோடு, சோர்ந்து கிடக்கிற பிள்ளை வெறும் தண்ணீரில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகிவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் தினமும் ஆறு மணிக்கு, பல் தேய்த்தவுடன், மாத்திரையையும் ஒரு டம்ளர் பசும்பாலையும் கையில் கொடுப்பேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இட்லி. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். இறங்காமல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டு, "ஒழுங்கா போடுறாளா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் தட்டில் கவிழ்த்து எண்ணினேன். சரியாக இருந்தது. அப்படியானால் வாயில் ஒதுக்கிவைத்துத் துப்புகிறாளோ? கட்டிலுக்கு அடியில், ஜன்னலுக்கு வெளியே எல்லாம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதும் என் மனம் அடங்கவில்லை. மறுநாளிலிருந்து, "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று எதிரே நின்றேன்.

"எம்மா, நான் என்ன திருடியா?" என்று முதல் நாள் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பாலைக் குடித்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போவாள்.

ஐப்பசியில் மூன்றாம் முறை ரத்தம் கொடுக்கப் போனோம். ரத்தம் எடுத்தவர் வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். என் மகள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஏ தாயி, இன்னும் குத்தவே இல்ல, அதுக்குள்ள மயங்கிட்டியா?" என்று அவர் சிரித்தார். அவருடைய சகஜம் எனக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். மகள் முன்னாலேயே, "மாத்திரைய முழுங்குறாளா துப்புறாளான்னே தெரியலக்கா" என்றேன்.

"எப்பப் போடுறா?"

"காலைல ஆறு மணிக்கு. வெறும் வயித்துல, பால்ல."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "பால்லயா? ஏம்மா, பால் குடிச்சா பொறவு அது என்ன வெறும் வயிறு?"

"விரதத்துக்கே பால் ஆகுமேக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"சாமி ஒத்துக்கிடும். மாத்திரை ஒத்துக்கிடாது" என்றார். பத்து வருடமாக அவரும் இதே மாத்திரைதான் போடுகிறாராம். பாலோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரில் மட்டும் போட வேண்டும், பால் காபி எல்லாம் ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் என்றார். "டாக்டர்ட்டயும் இன்னைக்கே சொல்லிருங்க."

மகள் தலையைத் தூக்கினாள். என்னிடம் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அந்தப் பெண்ணிடம்தான் கேட்டாள்: "அப்ப நான் பொய் சொல்லலைலக்கா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் கையைத் தடவி நரம்பைத் தேடினார்.

டாக்டரும் அதையே சொன்னார். இனி அளவைக் கூட்ட வேண்டாம், தண்ணீரில் போட்டு ஆறு வாரம் பார்ப்போம் என்றார். திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினேன். அவள் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். வீட்டில் கேட்டபோது, "விடும்மா" என்றாள். அவ்வளவுதான்.

மார்கழியில் டி.எஸ்.எச். இறங்கியது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. தைப்பொங்கலன்று வாசலில் கோலம் போட உட்கார்ந்தவள், நடுவில் எழுந்து போய்ப் படுக்காமல் முழுதாகப் போட்டு முடித்தாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். இப்போது சிரிக்கிறாள், தோழிகளோடு சுற்றுகிறாள். ஆனால் என்னிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று யோசித்துப் பேசுகிறாள். பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்கிறார் என் கணவர். இருக்கலாம். என்னால்தானோ என்றும் தோன்றுகிறது.

ஓடியாடுகிற என் மகள் திரும்ப வேண்டும் என்று அத்தனை மாதமும் ஏங்கினேன், அவள் வந்துவிட்டாள். இன்று நான் ஏங்குவதெல்லாம் சுருண்டு படுத்துக் கிடந்த அந்தச் சோர்ந்த பிள்ளைக்காகத்தான். ஒரு சாயங்காலமாவது, எதையும் சோதிக்காமல், அவள் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கலாம்.