பெயர்கள் இருந்த இடம்

கடல் கடந்து வந்த ஊரில் அம்மாவுக்கு முதலில் கிடைத்த வேலை சட்டைக் காலர் தைப்பது. கடைசிவரை அதுவே நிலைத்தது. பகலெல்லாம் காலர், மாலையில் தொழிற்சங்கம், இடையில் பொழுது கிடைத்தால் கதை. மிஷின் மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எழுதுவாள். அவள் கதைகளில் யாரும் மேடையேறிப் பேசமாட்டார்கள். கூலி குறைந்த வாரத்தில் குழந்தையின் செருப்பை எப்படித் தைத்துச் சமாளித்தார்கள் என்றுதான் இருக்கும். சோஷலிசம் என்றால் என்னவென்று மகள் சிறுமியாக இருந்தபோது கேட்டாள். "சமைச்சவளும் கூட உட்கார்ந்து சாப்பிடறது" என்றாள் அம்மா.

அவள் போன பிறகு, வாடகை அறையைக் காலி செய்யும்போது, சட்டை அனுப்பும் அட்டைப்பெட்டிகளில் அவளுடைய காகிதங்கள் இருந்தன. அவற்றை நூலகத்தில் சேர்க்க வந்த நூலகர் ஒரு தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் சின்னச் சின்னக் கட்டங்களாக உள்ளே விழுந்தது.

"பூச்சியா சார்?"

"பூச்சி இவ்வளவு நேரா வெட்டாதும்மா."

வேலைநிறுத்த வருஷத்துக் கடிதங்களிலும் கூட்டக் குறிப்புகளிலும் பெயர்கள் இருந்த இடமெல்லாம் ஓட்டை. அம்மாவின் பெயர் மட்டும் வெட்டுப்படாமல் இருந்தது.

"மத்தவங்க பேரும் தெரிஞ்சா நல்லது. இல்லேன்னா இவங்க ஒருத்தர் மட்டும் போராடின மாதிரி ஆயிடும்" என்றார் அவர்.

மகளுக்கு அது சுருக்கென்று தைத்தது. "நாங்கள்" என்றே பேசிப் பழகியவள் அம்மா.

பெயர்கள் தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம். ரத்த உறவில்லாத காஜா சித்தி. அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் பொத்தானுக்குக் காஜா போட்டவர். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். மகள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். சித்தி ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சிரித்தார்.

"ஓட்டை போடறது என் தொழில்டி. உங்கம்மா என் பொழப்பையே பிடுங்கிக்கிட்டா பாரு."

சிரிப்பு அடங்கியது.

"அந்த வருஷம் வீடு வீடா போலீஸ் சோதனை. பாதிப் பேருக்கு இங்க இருக்க அனுமதிச் சீட்டே கிடையாது. பேரு கிடைச்சா ஊருக்கே திருப்பி அனுப்பிடுவான். எல்லாத்தையும் எரிச்சுடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். 'நடந்தது இருக்கட்டும், ஆளுங்க தப்பிக்கட்டும்'னு துணி வெட்டற கத்திரியை எடுத்தா. பேருங்க மட்டும் அடுப்புக்குள்ள போச்சு."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா சித்தி?"

"ஒண்ணு விடாம."

"சொல்லுங்களேன். இனிமே யாரு வந்து கேக்கப்போறா?"

"எப்படி வந்தோம்னு பெத்த பிள்ளைங்ககிட்டயே சொல்லாதவங்க அவங்க. அவ வெட்டினதை நான் ஒட்டமாட்டேன்."

"அப்போ அம்மா தனியா நின்ன மாதிரி ஆயிடுமே சித்தி..."

சித்தி பேனா கேட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். இத்தனை வருஷத்தில் மகள் ஒருமுறைகூடக் கேட்டிராத பெயர் அது.

"என் பேரைக் குடுக்க நான் யாரைக் கேக்கணும்?"

தாளில் தீர்மானத்தை முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அதன் கீழே, வழிமொழிந்தவர் என்பதற்கு எதிரே ஓர் ஓட்டை. சித்தி சீட்டைத் தாளுக்கு அடியில் மெல்ல நகர்த்தினார். வெட்டிய கட்டத்துக்குள் பெயர் வந்து நின்றது.

மற்ற ஓட்டைகளை அப்படியே விட்டு, மகள் அந்தத் தாளைப் பெட்டியின் மேலாக வைத்து நூலகத்துக்கு அனுப்பினாள்.