ஆயிரம் மணிச் சங்கிலியை மாலையாகப் போட்டவர்களுக்கு

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "மேடம், நம்ம கன்னியம்மா மேடம் பூட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம், ஆட்டோ வர்றதுக்குள்ள..." பள்ளியில் சமைக்கும் செல்வி, மேலே பேச முடியாமல் அழுதாள். முந்தின நாள் மாலைதான் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார் கன்னியம்மா. பதில் சொல்லக்கூட நேரம் கொடுக்காமல் போய்விட்டாரே என்று முதல் கோபம் அவர்மேல்தான் வந்தது.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இரங்கல் கூட்டம் போடுகிறீர்கள். என்னையும் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன், ஆனால் இனிக்க இனிக்க வராது.

விஜயபுரம் பக்கத்தில் எங்கள் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாக வருமுன், திருப்பதியில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் உதவியாளராக இருந்தவர் அவர். அங்கே குழந்தைகள் தங்க நிற மணிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறார். "அந்தப் பசங்க கை மட்டும் என்னா ஒசத்தி? நம்ம பசங்களும் தொடட்டும்" என்பார். பங்காருபாளையத்து மாம்பழப் பெட்டிப் பலகையை இழைத்து எண் கோல்கள் செய்தார். உப்புத்தாளில் எண்களை வெட்டி, விரலால் தடவிப் பார்க்க அட்டையில் ஒட்டினார். எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியில் மஞ்சள் மணிகளைப் பத்துப் பத்தாகக் கோத்து, நூறு சரங்களை வளையம் போட்டு இணைத்தார். ஆயிரம் மணிச் சங்கிலி. விரித்தால் வராந்தா முழுக்க நீளும்.

மூன்றாம் வகுப்பு ரம்யாவுக்கு வீட்டில் தமிழ், புத்தகத்தில் தெலுங்கு, எண்கள் இங்கிலீஷில். கணக்கு என்றாலே வாயடைத்து நிற்கும் பெண். அவள் அந்தச் சங்கிலியோடு தவழ்ந்து தவழ்ந்து எண்ணிக்கொண்டு போனபோது நடுவில் தடுமாறினாள். திருத்த வாயெடுத்தேன். கன்னியம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினார். "சும்மா இரு மேடம். தப்பு இருந்தா மணியே சொல்லும். நீ எதுக்கு நடுவுல?" ரம்யா தானே திரும்பி வந்து சரிசெய்துகொண்டாள். "தௌசண்ட்!" என்று அவள் போட்ட கத்தல் பக்கத்து நிலக்கடலைக் கொல்லை வரை கேட்டிருக்கும்.

எங்கள் தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "ஈ ஆட்டலு எந்துக்கம்மா? வெளையாட்டெல்லாம் அப்புறம், முதல்ல வாய்ப்பாடு ஒப்பிக்கட்டும்" என்று எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவி என் பொறுப்பு. கடைசிச் சண்டை அதற்குத்தான். "சாவிய கையில வெச்சிக்கினு பொம்ம மாதிரி கீறியே. கேக்கறதுக்கு வாய் இல்லியா ஒனக்கு?" என்றார்.

அவர் செத்த அன்று அதே தலைமையாசிரியர் கண் கலங்கச் சாவு வீட்டுக்கு வந்தார். "அந்த மணி மாலைய எடுத்துக்கினு வாங்கம்மா. ஆமெ, அந்தம்மா, தன் கையால செஞ்சது. ஆமெக்கே போட்டு கௌரவம் பண்ணலாம்." மாலையாம்! உயிரோடு இருந்தபோது விளையாட்டுச் சாமான், செத்தபின் மாலை. நீங்கள் எல்லாரும் "நல்ல யோசனை" என்றீர்கள். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது நம் வழக்கம். நின்றேன். பாடைக்கு முன்னால் போனவர் மாலைகளைப் பிய்த்துப் பூவை வழியெல்லாம் இறைத்துக்கொண்டே போனார். பூ தீர்ந்ததும் சங்கிலியையும் பிய்த்து இறைத்தார். பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பொறுக்கினேன். சில சரங்கள் டிராக்டர் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தன. "அடிப் பாவி! சாவுக்கு எறச்சத எடுக்கறியே, ஒன் ஊட்ல பசங்க இல்ல?" என்று ஒரு அம்மா கத்தினார். "பசங்களுக்குத்தான் எடுக்கறேன்" என்று நானும் கத்தினேன். தொண்ணூற்றொரு சரங்கள் தேறின. மஞ்சள் தண்ணீரில் கழுவி, மறுபடி இணைத்து வராந்தாவில் விரித்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். ரம்யா மட்டும் உட்கார்ந்தாள். எண்ணி எண்ணி, "நைன் ஹன்ட்ரட் அண்ட் டென்" என்றதும் மணி தீர்ந்துபோயிற்று. நிமிர்ந்து, "மேடம், மீதி எங்க?" என்றாள்.

தலைமையாசிரியர் தன் அறை வாசலில் நின்றிருந்தார். இத்தனை வருட வேலையில் நான் செய்யாததைச் செய்தேன். கன்னியம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, நடுவில் நிற்காமல் கேட்க விடுகிற இது ஒன்றுதான். "எனக்குத் தெரியும். ஆனா சாரைப் போய்க் கேளு" என்றேன்.

ரம்யா நேராகப் போய், "சார், மீதி நைன்டி எங்க சார்?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அவள் பதிலுக்காக அங்கேயே நின்றாள். நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.