நோரிச் நகரத்துத் தேவாலயங்களும் சித்தப்பாவும்

சித்தப்பாவின் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் பதினொரு படங்கள் ஒட்டியிருந்தன. எல்லாமே இங்கிலாந்தின் நோரிச் நகரத்துப் பழைய தேவாலயங்கள். அவருடைய தாயில்லாத ஒரே மகள் அங்கே தன் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். வாரத்துக்கு ஒன்றாக அவள் எடுத்து அனுப்பிய படங்கள் அவை. நான் அவற்றை அச்செடுத்து, ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் மரக்கறியும் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போவேன். அவரும் ஒரு தேவாலயத்துக்குள்தான் இருந்தார்.

அவரது அகதி விண்ணப்பம் கடைசித் தடவையும் நிராகரிக்கப்பட்டபோது, ஒஸ்லோவின் பழைய கல் தேவாலயம் ஒன்றின் பாதிரியார் அவருக்கு ஓர் அறை கொடுத்தார். தேவாலயத்துக்குள் வந்து பொலிஸ் ஆளைப் பிடிப்பதில்லை என்பது நோர்வேயில் வழக்கம். வாசலைத் தாண்டினால் அந்த வழக்கம் இல்லை. காலையில் திருநீறு பூசிக்கொண்டு பீடத்தைத் துடைப்பார். ஊரில் மேசன் வேலை செய்தவர் என்பதால், படங்களில் அவர் பார்த்தது சிலுவையை அல்ல, சுவரை.

"இஞ்சை பார் பிள்ளை, சக்கிமுக்கிக் கல்லைப் பிளந்து, பிளந்த முகத்தை வெளியாலை வைச்சுக் கட்டியிருக்கிறாங்கள். என்ன மினுக்கம்!"

அந்தச் சிறிய நகரத்தில் இப்படி முப்பதுக்கும் மேல் இருப்பதும், பலவற்றில் இப்போது வழிபாடு நடக்காததும், ஒன்றில் பொம்மலாட்டம் போடுவதும் அவருக்குப் பாடம். ஒருநாள் மட்டும், "அவ்வளவும் சும்மா கிடக்குது. ஒண்டுக்குள்ளை என்னை விட்டால் காணுமே" என்றார்.

மகளை அவர் கடைசியாகக் கண்டபோது அவளுக்கு ஆறு வயது. அவளும் நெடுங்காலம் விசாவில்லாமல் அங்கேயே முடங்கிக் கிடந்தாள். அவர் உள்ளே போன மூன்றாம் வருடம் அவளுக்கு அகதிப் பயணப் பத்திரம் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவதாக அறிவித்தாள். எனக்கு அன்று வேலை. விமான நிலையத்திலிருந்து ஒஸ்லோ ரயில் ஸ்டேஷனுக்கு வந்து, டாக்சி பிடித்து அவளே தேவாலயத்துக்கு வருவதென்று ஏற்பாடு.

"பெத்த பிள்ளை இவ்வளவு காலத்துக்குப் பிறகு வருது. தகப்பன் உள்ளுக்குள்ளை குந்திக்கொண்டு இருக்கிறதே? ஸ்டேஷனுக்குப் போகட்டே?" என்று அதற்கு முந்திய சனிக்கிழமை என்னிடம் கேட்டார் சித்தப்பா.

பாதிரியார் வேண்டாமென்று சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய முகத்தைப் பார்த்து, "அரை மணித்தியாலந்தானே சித்தப்பா, போட்டு வாங்கோ" என்றேன்.

சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட் போட்டு மெட்ரோவில் ஏறியிருக்கிறார். கையிலிருந்த பயண அட்டை எப்போதோ காலாவதியாகியிருந்தது. பரிசோதகர்கள் அடையாள அட்டை கேட்டார்கள். பிறகு பொலிஸ் வந்தது.

வேலை முடிந்து நான் போனபோது தங்கச்சி அவருடைய கட்டிலில் உட்கார்ந்து, தான் அனுப்பிய படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனியும் ஞாயிறும் தடுப்பு முகாமில் ஆளைப் பார்க்க விடவில்லை. திங்கள் காலை அவரைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வவுனியாவில் ஒரு வாடகை அறையில் செத்துப்போனார். அகதிப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போக முடியாததால், கொள்ளி வைக்கிறதைத் தங்கச்சி தொலைபேசியில்தான் பார்த்தாள்.

போன சித்திரையில் நோரிச்சுக்குப் போனேன். மழையில் அவள் என்னைத் தேவாலயம் தேவாலயமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தாள். ஒன்று புத்தகக்கடையாகியிருந்தது. பலவற்றில் பூட்டு. சித்தப்பா சொன்ன மினுக்கம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மதிலோரம் நின்று கேட்டாள்:

"அண்டைக்கு அப்பாவை வெளியிலை போகச் சொன்னது ஆர் அக்கா? பாதிரியாரோ?"

"தெரியேல்லையம்மா."

"அவராத்தான் இருக்கும். பாவம் பார்த்து விட்டிருப்பார். ஆனால் எனக்கு அவரை மன்னிக்க ஏலாது."

குடையை அவள் பக்கம் சாய்த்தேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்ட அந்தப் பாதிரியாரை ஒஸ்லோவில் இடைக்கிடை காண்பேன். ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவின் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். உங்களை விசாரித்தாள் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.